நாலரை லட்சம் கட்டுவதற்கு முன்: விமான நிலைய வேலை பற்றி விசுவமடு வாசகிக்கு

வாசகியின் கடிதம்: "அக்கா, நான் விசுவமடுவில் இருக்கிறேன். வயது 20. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு, உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் எடுத்து மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் காணாது. சின்ன வயதிலிருந்தே விமான நிலையத்தில் வேலை செய்ய ஆசை. விமானப் பணிப்பெண் வேலைக்கு உயரம் போதாது என்று சொல்லிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனம் 'விமான நிலைய முகாமைத்துவ டிப்ளோமா' என்று ஆறு மாதப் படிப்புக்கு நாலரை லட்சம் கேட்கிறது. வேலை நிச்சயம் என்கிறார்கள். அம்மா சங்கிலியை ஈடு வைக்கத் தயார், அப்பா வேண்டாம் என்கிறார். நான் சேரட்டுமா? பைலட், பணிப்பெண் தவிர அங்கே என்ன வேலைகள் இருக்கின்றன? பெண்பிள்ளை இரவு வேலைக்குப் போவது பற்றியும் வீட்டில் பயம்."

அன்புத் தங்கச்சிக்கு,

சங்கிலியை ஈடு வைக்க வேண்டாம். இந்த விஷயத்தில் அப்பா சொல்வதுதான் சரி. உங்கள் ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை, அது நடக்கக்கூடிய ஆசைதான். காசு கட்டப் போகிற இடம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த ஆறு மாதத்தில் பெரும்பாலும் என்ன சொல்லித் தருவார்கள்? விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகள், கவுண்டரில் பயணியோடு பேசும் முறை, டிக்கெட் போடும் கணனி மென்பொருள், உடை, ஒப்பனை. இவற்றை வேலைக்கு எடுத்த பிறகு கொம்பனியே சம்பளமும் தந்து சொல்லித்தரும். சொல்லித்தந்தே ஆகவேண்டும், ஏனென்றால் அது அவர்களுடைய சட்டப் பொறுப்பு. ஆபத்தான பொருட்களைக் கையாளும் பயிற்சியை 24 மாதத்துக்கு ஒரு தடவை திரும்பச் செய்யாதவரைச் சரக்கின் பக்கமே விடமாட்டார்கள். வெளியில் வாங்கிய டிப்ளோமாவைக் காட்டி அந்தப் பயிற்சியிலிருந்து தப்ப முடியாது. அவர்கள் சொல்லித்தராதது கைத்தொழில்: மின்சாரம், இயந்திரம், உணவு பதனிடல், கணக்கு. அதை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். ஆங்கிலத்தையும் அப்படித்தான்.

எல்லாப் படிப்பும் ஏமாற்று என்று சொன்னால் அது அநியாயம். விமானப் பராமரிப்புப் பொறியியலாளர், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், பறப்புத் திட்டம் போடும் டிஸ்பாச்சர் ஆகியோருக்கு உரிமம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி இல்லாமல் அது கிடைக்காது. ஐயாட்டா, அதாவது சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம், தரும் சான்றிதழ்களும் உலகம் முழுக்க மதிக்கப்படுபவை. ஆகவே அந்த நிறுவனத்திடம் நேரே கேளுங்கள்: இந்தப் படிப்பை அங்கீகரித்தது யார்? சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை என்றால் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், பிறகு கட்டுநாயக்கவில் உள்ள அந்தச் சபையிடமே விசாரியுங்கள். போன வருடம் படித்து முடித்தவர்களில் இரண்டு பேருடைய தொலைபேசி இலக்கத்தையும் கேளுங்கள். 'வேலை நிச்சயம்' என்பதை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். இவற்றுக்கு நேரான பதில் வராவிட்டால் எழும்பி வந்துவிடலாம்.

சரி, பைலட்டும் பணிப்பெண்ணும் தவிர வேறு யார் என்று கேட்டீர்கள். ஒரு விமானம் புறப்படுவதற்கு எத்தனையோ பேர் கையெழுத்துப் போடுகிறார்கள், பயணி அவர்களில் ஒருவரையும் காண்பதில்லை. நான் நீண்ட காலம் செய்த வேலையிலிருந்து தொடங்குகிறேன். அதன் பெயர் லோட் கன்ட்ரோல், பாரக் கட்டுப்பாடு.

உழவு மெஷின் பெட்டியில் நெல் மூட்டைகளை எல்லாம் பின்பக்கமாக அடுக்கினால் கொழுவி மேலே தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். விமானமும் அப்படித்தான். மொத்தப் பாரம் அளவுக்குள் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பாரத்தின் மையம் எங்கே விழுகிறது என்பதும் எல்லைக்குள் இருக்க வேண்டும். பயணிகள் எத்தனை பேர், எந்த வரிசைகளில் இருக்கிறார்கள், பொதிகள் எந்த அறையில், எரிபொருள் எவ்வளவு என்று எல்லாவற்றையும் கூட்டி ஒரு தாளில் இறக்குவோம். அதுதான் லோட்ஷீட். புறப்படும்போது வாலின் சிறகை எந்த அளவில் வைப்பது என்பதும் அந்தக் கணக்கிலிருந்துதான் வரும். விமானத் தலைவர் அதை ஏற்றுக் கையெழுத்திட்ட பிறகுதான் சக்கரம் உருளும். பலாலிக்கு வருகிற ஏடிஆர் வகை விமானங்களில் ஆட்கள் பின்கதவால் ஏறுவார்கள். அந்த நேரத்தில் பின்பாரம் கூடி வால் குந்திவிடாமல் இருக்க அடியில் ஒரு முட்டுக் கொடுப்பது வழக்கம்.

2003 ஜனவரி 8ஆம் திகதி அமெரிக்காவின் சார்லட் நகரில் 19 பயணிகளோடு எழும்பிய ஒரு சிறிய விமானம் உடனேயே விழுந்து, இரண்டு விமானிகளோடு சேர்த்து 21 பேரும் இறந்துபோனார்கள். விசாரணையில் இரண்டு காரணங்கள் தெரிந்தன. வாலைக் கட்டுப்படுத்தும் கேபிளைப் பராமரிப்பின்போது பிழையாகச் சரிசெய்திருந்தார்கள். அத்தோடு, தாளில் இருந்ததைவிடப் பாரம் அதிகம், அதுவும் பின்பக்கமாக. விதிப்படிதான் கணக்குப் போட்டிருந்தார்கள், ஆனால் ஒரு பயணிக்கு என்று வைத்திருந்த சராசரி எடை பழைய காலத்து எடை. அதற்குப் பிறகு அந்தச் சராசரியையே அங்கே கூட்டினார்கள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

கடைசிப் பத்து நிமிடத்தில் நடக்கிற இன்னொரு வேலை இருக்கிறது. பொதி ஏறிவிட்டது, ஆள் வரவில்லை. அப்படியானால் பொதியைத் தேடி இறக்கியே ஆகவேண்டும். 1985 ஜூன் 23ஆம் திகதி ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அத்திலாந்திக் கடலுக்கு மேலே வெடித்து 329 பேர் இறந்தது, ஆள் ஏறாமல் குண்டு வைத்த பொதி மட்டும் ஏறியதால்தான். நூற்றுக்கணக்கான பைகளுக்குள் ஒரு பையைத் தேடி விமானத்தின் வயிற்றுக்குள் ஊர்ந்துபோகிறவர்கள் ராம்ப் ஊழியர்கள், அதாவது பொதிகளை ஏற்றி இறக்குபவர்கள். அந்தப் பை எந்தப் பெட்டியில், எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்வது கணனியின் முன்னால் இருக்கும் ஒருவர். பயணிகள் தாமதத்துக்குக் கோபப்படுவார்கள். அதற்காக அந்தப் பையை விட்டுவிட்டுப் புறப்பட அனுமதிக்கவே முடியாது.

அடுத்தது களஞ்சியம். இதைச் சொன்னால் இளம் பிள்ளைகள் முகம் சுருக்குகிறார்கள், எனக்கு அது கவலை. விமானத்தில் ஏறும் ஒவ்வொரு பாகத்துக்கும், எங்கே செய்தது, யார் சோதித்தது, எந்த விமானத்துக்குப் பொருந்தும் என்று சொல்லும் சான்றிதழ் இருக்கும். தாள் இல்லையென்றால் பாகம் புத்தம் புதிதாக மின்னினாலும் அது குப்பை. 1990 ஜூன் 10ஆம் திகதி இங்கிலாந்தில் புறப்பட்ட ஒரு விமானத்தின் முன்கண்ணாடி வானத்தில் கழன்று போனது. விமானத் தலைவர் இடுப்புவரை வெளியே இழுபட்டார். பணியாளர்கள் காலைப் பிடித்து வைத்திருந்ததால்தான் உயிர் தப்பினார். அந்தக் கண்ணாடியைப் புதிதாகப் பூட்டிய 90 போல்ட்டுகளில் 84 கொஞ்சம் மெல்லியவை, வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்கூட வராது. சரியான அளவு எது என்று களஞ்சியப் பொறுப்பாளர் சொல்லியிருந்தார். கேட்க வந்தவர் பதவியில் பெரியவர், பழைய போல்ட்டைக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். களஞ்சியத்தில் நிற்பவர் இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தால் என்று நான் அடிக்கடி நினைப்பேன். பெரியவர் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகள் இந்தத் துறையில் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது அதைத்தான். மரியாதையோடு பேசுங்கள், ஆனால் "நில்லுங்கள், இது பிழை" என்று சொல்லுங்கள்.

நீங்கள் படித்த பாடத்துக்கு நேராக வருகிற, யாரும் யோசிக்காத ஒரு வேலையைச் சொல்கிறேன்: பறவைக் கட்டுப்பாடு. உழவு மெஷினுக்குப் பின்னால் கொக்குகள் வரிசையாக வருவது உங்களுக்குப் புதிதல்ல. கிளறின மண்ணில் புழு கிடைக்கும் என்று அவற்றுக்குத் தெரியும். ஓடுபாதையோரப் புல்லை வெட்டினாலும் அதேதான் நடக்கும், பூச்சி வெளியே வரும், கொக்கு வரும். ஆகவே புல்லை எந்த உயரத்தில் வைப்பது, எந்த நேரத்தில் வெட்டுவது, மழைக்குப் பிறகு எங்கே தண்ணீர் தேங்குகிறது, சுற்றுவட்டாரத்தில் யார் மீன்கழிவு கொட்டுகிறார்கள் என்று பார்ப்பதற்கு ஆட்கள் வேண்டும். கட்டுநாயக்க நீர்கொழும்புக் களப்பின் ஓரத்தில் இருக்கிறது, அங்கே இது வருடம் முழுக்க இருக்கும் பிரச்சினை. தெற்கே மத்தளை விமான நிலையத்தில் காட்டு விலங்குகளும் சேர்ந்துகொள்கின்றன. வெடி கொளுத்தி விரட்டுவது கடைசி வழி, ஏனென்றால் பறவை இரண்டு நாளில் அதற்குப் பழகிவிடும். அது ஏன் வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. 2009 ஜனவரியில் நியூயோர்க்கில் வாத்துக்கூட்டம் மோதி இரண்டு என்ஜினும் நின்று, விமானம் ஆற்றில் இறங்கிய பிறகு உலகம் இந்த வேலையைக் கொஞ்சம் மதிக்கத் தொடங்கியது. குளமும் வயலும் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு எந்தப் பறவை எந்த மாதம் எங்கே இறங்கும் என்பது பாதி தெரிந்திருக்கும். மீதிக்குப் படிப்பு வேண்டும். வவுனியா பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் இருக்கிறது, அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. உங்களுக்கு வெட்டுப்புள்ளி காணாவிட்டாலும், உயிரியல் படிக்கிற தம்பி தங்கைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

ஓடுபாதையைப் பார்வையிடுவதும் இதே ஆட்களோடு சேர்ந்த வேலைதான். பெரிய ஓடுபாதைகளை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது பார்வையிட வேண்டும் என்பது சர்வதேச விதி. 2000ஆம் ஆண்டு பாரிஸில் விழுந்த கொன்கோர்ட் விமானத்தின் டயரைக் கிழித்தது, சற்று முன் புறப்பட்ட இன்னொரு விமானத்திலிருந்து விழுந்து கிடந்த ஓர் உலோகப் பட்டை. 113 பேர் இறந்தார்கள்.

சரக்குப் பிரிவை வன்னிப் பிள்ளைகள் கவனிக்காமல் விடுவதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் நண்டு பிடிக்கிறார்கள். இலங்கையின் களப்பு நண்டு சிங்கப்பூர் சமையலறைக்கு உயிரோடு போய்ச் சேர்கிறது. அது சும்மா போகாது. ஈரம் காயக்கூடாது, ஆனால் உப்புத்தண்ணீர் ஒரு சொட்டும் பெட்டிக்கு வெளியே ஒழுகக்கூடாது, ஒழுகினால் விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும். மீனுக்கு உலர்பனி வைத்தால் அது காபனீரொட்சைட்டு வாயுவை விடும், ஆகவே உலர்பனியே ஆபத்தான பொருட்கள் பட்டியலில் 9ஆம் வகுப்பில் வருகிறது. எத்தனை கிலோ என்று எழுதி விமானத் தலைவருக்கு அறிவிக்க வேண்டும். தனியாக அனுப்புகிற லித்தியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் 2016இலிருந்து ஏற்றவே முடியாது. இதையெல்லாம் அறிந்து, பெட்டியைத் திறந்து பார்த்து, "இதை ஏற்ற முடியாது" என்று திருப்பி அனுப்புகிறவர் சரக்கை ஏற்கும் அலுவலர். கொழும்பில் ஏற்றுமதிக் கொம்பனிகளிடமும், பொருட்களை அனுப்பித் தரும் முகவர்களிடமும் இந்த அறிவு உள்ளவர்களுக்கு இடம் இருக்கிறது. அங்கே உயரமும் நிறமும் பார்ப்பதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமானச் சமையல்கூடம் பெரிய தொழிற்சாலை, சமைத்த உணவை எவ்வளவு வேகமாகக் குளிரவைப்பது என்பதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் பதிவேடு இருக்கும். எரிபொருள் பவுசரில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஓடுபாதை விளக்குகளையும் தரையிறக்க வழிகாட்டும் கருவிகளையும் பார்க்கும் மின்னியலாளர்கள் இருக்கிறார்கள். தீயணைப்புப் படை ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய்ச்சேர வேண்டும். விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் ஓய்வு நேரம் பிசகாமல் கடமைப் பட்டியல் போடுவது, தொலைந்த பொதியைக் கண்டுபிடிப்பது, டிக்கெட் வருமானத்தை மற்ற விமான சேவைகளோடு பங்கிட்டுக் கணக்குத் தீர்ப்பது எல்லாம் அலுவலக வேலைகள். வர்த்தகப் பிரிவில் படித்த உங்கள் தோழிகளுக்கு அவை பொருந்தும்.

இப்போது உங்களுக்கு என்ன செய்யலாம்? கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அரச நிறுவனம், தேசியத் தொழில் தகைமை, அதாவது என்விகியூ, தருகிறது. அங்கே உணவுத் தொழில்நுட்பப் பிரிவு உண்டு. விசுவமடுவிலிருந்து பரந்தன் வழியாக பஸ்ஸில் போய்வரலாம். உங்கள் உயர்தரப் பாடத்தோடு அது ஒட்டும், விமானச் சமையல்கூடத்துக்கும் சரக்குப் பிரிவுக்கும் நேரே வழிவிடும். இரண்டிலும் இடம் கிடைக்காவிட்டாலும் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை கிடைக்கும். ஆறு மாத 'விமான நிலைய முகாமைத்துவ' டிப்ளோமா விமான நிலையத்துக்கு வெளியே எதற்கும் உதவாது. நீங்கள் காசைக் கட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டிய வித்தியாசம் இதுதான். இயந்திரமோ மின்சாரமோ விருப்பம் என்றால் அவையும் அங்கேயே இருக்கின்றன. பெண்பிள்ளை என்று ஒதுங்க வேண்டாம்.

பலாலியை நம்பி மட்டும் இருக்காதீர்கள். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் சென்னை விமானம் திரும்ப வந்தது, 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. வளர்வது சந்தோஷம். ஆனாலும் சிறிய விமானங்கள் சில வந்துபோகும் இடத்தில் வேலை வெற்றிடங்களும் சிலதான் இருக்கும். பெரும்பாலான வேலை கட்டுநாயக்கவில், அப்புறம் டோகா, துபாய். வெளிநாட்டுக்கு யாராவது அழைத்தால், வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார்க்காமல் கடவுச்சீட்டைக் கையில் கொடுக்க வேண்டாம்.

மொழியைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். கட்டுநாயக்கவில் தாள்கள் ஆங்கிலத்தில், தேநீர்க்கடைப் பேச்சு சிங்களத்தில். இரண்டும் வேண்டும். உங்களிடம் கேட்கப்படும் ஆங்கிலம் கவிதை எழுதும் ஆங்கிலம் இல்லை. குறுகிய வசனத்தைப் பிழையில்லாமல் வாசிக்கவும் எழுதவும் தெரிந்தால் போதும். காசில்லாமல் இதற்குப் பழகலாம்: கட்டுநாயக்க விமான நிலையத்தின் வானிலை அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் காற்றின் இடத்தில் 24008 என்று இருந்தால் 240 பாகைத் திசையிலிருந்து 8 நொட், அதாவது மணிக்கு 8 கடல் மைல், வேகத்தில் காற்று. நேரம் சர்வதேச நேரம், ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் நம்முடைய நேரம். தினமும் ஒன்றை வாசித்து முழு வசனமாக ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நேர்முகத் தேர்வில் இதைப் பற்றி இரண்டு வசனம் பேசினால், கேட்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

இன்னொன்று, இது நம் ஊருக்கே உரியது. விமான நிலைய அனுமதி அட்டைக்கு ஆளைப் பற்றி நன்றாக விசாரிப்பார்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ், கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் உங்கள் பெயரின் ஆங்கில எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். 2009இல் எல்லாவற்றையும் இழந்து பிரதி எடுத்த குடும்பங்களில் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு எழுத்து இருப்பதை நிறையக் கண்டிருக்கிறேன். வேலை கிடைத்த பிறகு திருத்த ஓடினால் காலம் போதாது. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் இப்போதே கேட்டுத் தொடங்குங்கள்.

இரவு வேலை பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள். இரவு முறை உண்டு, மாற்றிச் சொல்ல மாட்டேன், விமானங்கள் பல நள்ளிரவில்தான் வருகின்றன. ஆனால் விமான நிலையத்தின் உள்ளே இரவு இரண்டு மணிக்கும் வெளிச்சமும் பாதுகாப்பும் நிறைய ஆட்களும் இருப்பார்கள். வேலைக்குப் போகும் வழியையும் தங்கும் அறையையும்தான் பார்க்க வேண்டும். நேர்முகத் தேர்விலேயே இரவு முறைக்குக் கொம்பனி வாகனம் உண்டா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. தங்குமிடத்தை முதல் தடவை அம்மாவோ அப்பாவோ நேரில் வந்து பார்க்கட்டும். நீர்கொழும்பு, சீதுவைப் பக்கம் நம் பிள்ளைகள் சேர்ந்து தங்கும் வீடுகள் இருக்கின்றன. உணவுத் தொழில்நுட்பம் படித்து வந்தால், பகல் முறையே அதிகமுள்ள தரக்கட்டுப்பாட்டுப் பிரிவைக் கேட்கவும் உங்களுக்கு வாய்ப்பு இருக்கும்.

சுயவிவரத்தை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் நீங்களே எழுதுங்கள், கடையில் கொடுத்து எழுதுவிக்க வேண்டாம். எழுதியதும் எனக்கு அனுப்பிவையுங்கள், வாசித்துத் திருத்த வேண்டியதைக் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா